முழுதாக அடைபட்ட இதய ரத்தக்குழாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஞ்சியோகிராம் முடிந்து அறிக்கை கைக்கு வந்திருக்கும். அதில் ஒரு குழாய்க்கு நேரே "100%" என்று போட்டிருக்கும். சில அறிக்கைகளில் "சி.டி.ஓ." என்றும் இருக்கும். நாள்பட்ட முழு அடைப்பு என்பதன் சுருக்கம் அது. குழாய் முழுதாக மூடி குறைந்தது 3 மாதம் ஆகியிருந்தால் இந்தப் பெயரைப் போடுவார்கள். அப்படி அறிக்கை வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் இந்தப் பக்கம். இந்த நிமிடம் நெஞ்சுவலி இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

100 சதவீதம் அடைத்திருக்கிறது என்றால் நான் எப்படி நடமாடிக்கொண்டிருக்கிறேன்?

பெரும்பாலும் அந்தக் குழாய் ஒரே நாளில் மூடியிருக்காது. பல ஆண்டுகளாக மெல்லக் குறுகிக்கொண்டே வந்திருக்கும். இதயக் குழாய்களுக்கு இடையே மயிரிழை போன்ற இணைப்புகள் முன்பே உண்டு. ஒரு பக்கம் அழுத்தம் குறையும்போது அவை அகலமாகி, பக்கத்துக் குழாயிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். "இயற்கை பைபாஸ்", "பக்கக் கிளை" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் ஆஞ்சியோ படத்திலேயே இதைப் பார்க்கலாம். மூடியது வலது குழாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சாயம் செலுத்தும்போது அது பாதி வழியில் வெட்டிவிட்டதுபோல் நின்றுவிடும். பிறகு இடது குழாயில் செலுத்தினால், சில துடிப்புகள் கழித்து, வலது குழாயின் கீழ்ப்பாதி எதிர்த்திசையில், மங்கிய நிழலாக மெதுவாக நிரம்பி வரும். டாக்டரிடம் படத்தை அந்த இடத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அறிக்கையின் எண்ணைவிட அந்த நிழல் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இது அரிதான நிலையும் இல்லை. ஆஞ்சியோவில் குறிப்பிடத்தக்க அடைப்பு தெரிபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குழாய் இப்படி முழுதாக மூடியிருக்கும்.

உடனே திறக்காவிட்டால் ஆபத்து இல்லையா?

இரண்டு வேறு சங்கதிகள் இங்கே ஒன்றாகக் குழம்புகின்றன. மாரடைப்பில் குழாய் திடீரென மூடுகிறது, தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நாள்பட்ட அடைப்பிலோ, சாக வேண்டிய தசை முன்பே செத்துவிட்டது. பிழைத்த தசை பக்கக் கிளைகளால் பிழைத்திருக்கிறது. நெஞ்சுவலி புதிதாகத் தொடங்கியோ, கூடிக்கொண்டே போயோ இல்லாதவரை, யோசிக்கவும் இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்கவும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். "இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்ற அவசரம் இந்த நோய்க்குப் பொருந்தாது.

மாரடைப்பு வந்து சில நாள் கழித்து, வலி எதுவும் இல்லாத நிலையில், மூடிய குழாயைத் திறந்தால் நல்லதா என்பதையும் சோதித்துவிட்டார்கள். 2006-இல் வெளியான ஓ.ஏ.டி. ஆய்வில் 2166 பேர் இருந்தார்கள். மாரடைப்புக்குப் பின் 3 முதல் 28 நாளுக்குள் திறந்ததால் சாவோ, மறு மாரடைப்போ, இதயச் செயலிழப்போ குறையவில்லை.

அந்தக் குழாயால் எனக்கு மறுபடி மாரடைப்பு வருமா?

மூடிய குழாய் இன்னொரு முறை மூட முடியாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது மற்ற குழாய்களைப் பற்றி. அதிலும் முக்கியமாக, பக்கக் கிளை வழியாக ரத்தம் கடன் கொடுக்கும் குழாயைப் பற்றி. அதில் ஒரு கொழுப்புத் திட்டு வெடித்து அடைத்துக்கொண்டால் இரண்டு பகுதித் தசைகள் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கும். "எனக்குக் கடன் கொடுக்கும் குழாய் எது, அதில் எவ்வளவு அடைப்பு?" என்று கட்டாயம் கேளுங்கள். மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

இயற்கை பைபாஸ் இருந்தால் போதும்தானே?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது போதும். மாடிப்படி ஏறும்போது பெரும்பாலும் போதாது. நன்றாக வளர்ந்த பக்கக் கிளைகூட, சுமார் 90 சதவீதம் அடைபட்ட குழாய் தரும் அளவு ரத்தத்தைத்தான் தரும். ரத்த அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட எல்லோரிடமும் பற்றாக்குறை தெரிகிறது. பக்கக் கிளை தசையைச் சாகாமல் காப்பாற்றும். உழைக்கும் நேரத்துக்கு வேண்டியதை முழுதாகத் தராது.

எனக்குத் தொந்தரவே இல்லையே?

உண்மையிலேயே இல்லை என்றால் நல்ல செய்தி. ஆனால் இந்த நோயாளிகளில் பலர் தங்களை அறியாமலேயே வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். முன்பு ஒரே மூச்சில் ஏறிய இரண்டு மாடியில் இப்போது நடுவே நின்று போனைப் பார்ப்பார்கள். கூட நடப்பவரைப் பேசவிட்டு மெதுவாக வருவார்கள். "வயசாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் கூட இருப்பவரிடம் கேளுங்கள்: போன வருஷம் செய்து இந்த வருஷம் செய்யாமல் விட்டது என்ன?

வலி என்ற பேரில்தான் வரவேண்டும் என்றும் இல்லை. நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கை கனப்பது, சாப்பிட்டுவிட்டு நடந்தால் மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய களைப்பு எல்லாம் இதன் குறிகளே. பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் மூச்சு வாங்குவது மட்டுமே தெரியலாம். சந்தேகம் இருந்தால் டிரெட்மில் டெஸ்ட் உதவும். அது பொய்யே சொல்லாது என்று நினைக்க வேண்டாம். அதில் தவறும் வரும். ஆனால் நீங்கள் எத்தனை நிமிடம் ஓடினீர்கள், எப்போது நிறுத்தச் சொன்னீர்கள் என்பது உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

திறந்தால் ஆயுள் கூடுமா?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. இன்றைய ஆதாரப்படி, நாள்பட்ட முழு அடைப்பை ஸ்டென்ட் வைத்துத் திறப்பதால் ஆயுள் கூடுவதாக நிரூபணம் இல்லை. தொந்தரவு குறைவதாக ஆதாரம் இருக்கிறது.

2019-இல் வந்த டிசிஷன் சி.டி.ஓ. ஆய்வில் 834 பேரை ஸ்டென்ட், மாத்திரை என இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாவு, மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து எண்ணியதில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் குறைகளும் உண்டு: திட்டமிட்ட எண்ணிக்கை சேரவில்லை; மாத்திரைப் பக்கம் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஸ்டென்டுக்கு மாறிவிட்டார். 2018-இல் வந்த யூரோ சி.டி.ஓ. ஆய்வில் 396 பேர். ஒரு வருட முடிவில், ஸ்டென்ட் வைத்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேருக்கு நெஞ்சுவலி அறவே இல்லை. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 58 சதவீதம். தனக்கு ஸ்டென்ட் வைத்தது நோயாளிக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு இது என்பதால், அந்த நிம்மதியில் ஒரு பங்கு மனதுக்கும் உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேல் வலி நின்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு) குறைந்தவர்கள் கதை வேறு. 35 சதவீதமும் அதற்குக் கீழும் பம்பிங் உள்ள 700 பேரிடம் செய்த ரிவைவ்டு ஆய்வு 2022-இல் வந்தது. ஸ்டென்டால் சாவும், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறையவில்லை. அதே நிலையில் உள்ள 1212 பேரிடம் பைபாஸை ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்வில், 10 ஆண்டு முடிவில் பைபாஸ் செய்தவர்களில் சாவு குறைவு: 59 சதவீதம், மாத்திரைப் பக்கம் 66 சதவீதம். ஆக "உயிரைக் காப்பாற்ற இதைத் திறக்கிறோம்" என்று யாராவது சொன்னால், என் விஷயத்தில் அது எந்த ஆதாரத்தில் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

முடிவெடுக்கும் முன் என்னென்ன பரிசோதனை வேண்டும்?

எக்கோ எல்லோருக்கும் வேண்டும். அந்தக் குழாய் ஊட்டும் சுவர் நன்றாக அசைந்தால் தசை உயிரோடு இருக்கிறது, மேலே ஆராய வேண்டியதில்லை. சுவர் அசையவில்லை என்றால், அது செத்த தழும்பா, பட்டினியில் தூங்கும் தசையா என்று தெரிய வேண்டும். அதற்கு எம்.ஆர்.ஐ. நல்லது. தழும்பு சுவர்த் தடிப்பில் பாதிக்கு மேல் பரவியிருந்தால், ரத்தம் கொடுத்தாலும் அந்தச் சுவர் மீண்டும் அசைய வாய்ப்பு குறைவு. பெட் ஸ்கேனும் இதையே சொல்லும். தழும்பான தசைக்கு வழி திறப்பது, ஆள் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது மாதிரி.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), ஹீமோகுளோபின், ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை), எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாலேயே நெஞ்சு கனப்பவர்கள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படித்தான். இவற்றைச் சரிசெய்யாமல் குழாய்க்குள் போகக் கூடாது.

மாத்திரை மட்டும் போதும் என்றால், எவை, எவ்வளவு?

இரண்டு வகை மாத்திரைகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு வகை உயிரைக் காக்கும். எடுத்தாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. இன்னொரு வகை வலியைக் குறைக்கும், எடுத்தால் தெரியும். "வலி இல்லையே" என்று பலரும் நிறுத்துவது முதல் வகையை. அதில்தான் விபரீதம்.

உயிர் காப்பவை: ஆஸ்பிரின் 75 முதல் 100 மி.கி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முழு அளவில், அதாவது அடோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 முதல் 40 மி.கி. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி எல்.டி.எல். 55-க்குக் கீழே வரவேண்டும். பழைய அளவிலிருந்து பாதியாவது குறையவும் வேண்டும். மாத்திரை தொடங்கி 4 முதல் 6 வாரத்தில் ரத்தப் பரிசோதனை. இலக்கு எட்டவில்லை என்றால் ஸ்டாட்டினை இரட்டிப்பாக்குவதால் எல்.டி.எல். இன்னும் 6 சதவீதம்தான் குறையும். எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் சுமார் 20 சதவீதம் குறையும். அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். பிபி 130/80-க்குக் கீழே. பம்பிங் குறைந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வேறு சில மருந்துகள் சேரும்.

வலி குறைப்பவை: முதலில் பீட்டா பிளாக்கர். ஓய்வில் நாடி 55 முதல் 60 வரை இறங்கும்படி அளவை ஏற்றுவார்கள். பல பேருக்கு நாடி 80-இல் இருக்கும்போதே "மாத்திரை பலிக்கவில்லை, ஸ்டென்ட் வைக்கலாம்" என்று பேச்சு வந்துவிடுகிறது. மாத்திரைக்கு முழு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று பொருள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தக் கூடாது, வலி பாய்ந்து வரும். அடுத்து அம்லோடிபின். அதற்கும் அடங்காவிட்டால் ரனோலசின், ஐவாபிராடின், நிகோராண்டில் ஆகியவற்றில் ஒன்று. நிகோராண்டில் எடுத்து வாயில் ஆறாத புண் வந்தால் காரணம் அந்த மாத்திரையாக இருக்கலாம், பல் டாக்டரிடம் அலையும் முன் இதைச் சொல்லுங்கள்.

ரத்தக்குழாயைத் தளர்த்தி வலி குறைக்கும் நைட்ரேட் மாத்திரையில் ஒரு சூட்சுமம்: உடம்பு அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். தினமும் 10 முதல் 14 மணி நேரம் அந்த மருந்து ரத்தத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் சாதாரண மாத்திரையைக் காலை 8 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எழுதுவது இதற்காகத்தான். "காலையும் ராத்திரியும்" என்று நீங்களாக மாற்றினால் பலன் போய்விடும்.

நாக்கடியில் வைக்கும் மாத்திரையை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு வைத்தால் பிபி இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள், விழுங்க வேண்டாம். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ கூடினாலோ ஆம்புலன்ஸ். இன்னொரு மாத்திரை வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

வலி வந்த பிறகு வைப்பதைவிட, வலி வரும் என்று தெரிந்த வேலைக்குச் சில நிமிடம் முன்பே வைப்பது இன்னும் பயனுள்ளது. இதை ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை. நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினால் வீரியம் போய்விடும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த நாக்கடி மாத்திரை உட்பட எந்த நைட்ரேட்டும் கூடவே கூடாது. பிபி உயிர் போகும் அளவுக்கு இறங்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்றால், சாதாரண அடைப்பிலிருந்து இது எப்படி வேறு?

சாதாரண அடைப்பில் ஒரு துளியாவது வழி இருக்கும். கம்பி அதில் நழுவிப் போய்விடும். இங்கே வழியே இல்லை. அடைப்பின் முகப்பில் சுண்ணாம்பு படிந்து கெட்டியான மூடி இருக்கும், உள்ளே பழைய நார், மறுமுனையில் இன்னொரு மூடி. கம்பியின் தடிமன் 0.36 மி.மீ.தான். அதை மெல்லிய குழல் ஒன்றின் முனையிலிருந்து நீட்டி, சுழற்றி, மூடியைத் துளைத்துப் போக வேண்டும்.

இரண்டு இடங்களில் குழாய் செருகுவார்கள்; இரண்டு மணிக்கட்டு, அல்லது மணிக்கட்டும் தொடையும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாயம் விட்டால்தான் அடைப்பின் தொடக்கமும் முடிவும் ஒரே படத்தில் தெரியும். முன்னாலிருந்து போக முடியாவிட்டால் பக்கக் கிளை வழியாகச் சுற்றிவந்து பின்னாலிருந்து துளைப்பார்கள். சில நேரம் குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே வேண்டுமென்றே கம்பியை ஓட்டி, அடைப்பைத் தாண்டியதும் மறுபடி உள்வழிக்குள் கொண்டுவருவார்கள். 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம். பெரும்பாலும் விழித்தபடிதான் இருப்பீர்கள். கடினமான பகுதி சில நேரம் அசையாமல் படுத்திருப்பதே.

எவ்வளவு கடினம் என்று முன்கூட்டியே கணிக்க ஜே-சி.டி.ஓ. என்ற மதிப்பெண் உண்டு. மொட்டையான முகப்பு, சுண்ணாம்பு, 45 பாகைக்கு மேல் வளைவு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளம், முன்பு ஒரு முறை தோற்றது: ஒவ்வொன்றுக்கும் 1. பூஜ்யம் என்றால் எளிது, 3-ம் அதற்கு மேலும் என்றால் மிகக் கடினம். "என் மதிப்பெண் என்ன?" என்று கேளுங்கள்.

என்ன தவறாகப் போகலாம்?

இதையே வழக்கமாகச் செய்யும் கைகளில் 85 முதல் 90 சதவீதம் வெற்றி. எப்போதாவது செய்யும் இடத்தில் அது கணிசமாகக் குறையும். பெரிய சிக்கல் தேர்ந்த மையங்களிலும் சுமார் 3 சதவீதம். உயிரிழப்பு 1 சதவீதத்துக்குக் கீழ். சாதாரண ஸ்டென்டைவிட இது கூடுதல்.

கம்பி குழாயைக் கிழித்து ரத்தம் இதய உறைக்குள் கசிவதே பெரிய பயம். இது உடனேயும் தெரியலாம், சில மணி நேரம் கழித்து வார்டிலும் தெரியலாம். பிபி இறங்கி, மூச்சு முட்டி, பதற்றமாக இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், தாங்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். ஊசி போட்டு ரத்தத்தை வடிக்க வேண்டியிருக்கும்.

சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிரியாட்டினின் கூடியவர்களுக்கு முன்னும் பின்னும் டிரிப் ஏற்றுவார்கள்; சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்துவார்கள். கதிர்வீச்சும் கூடுதல். அளவு 5 கிரே தாண்டினால் ஆஸ்பத்திரியே சொல்ல வேண்டும். 2 வாரம் முதல் சில மாதம் கழித்து முதுகில் சதுரமான சிவந்த திட்டு தோன்றினால், சரும டாக்டரிடம் "எனக்கு நீண்ட ஆஞ்சியோ நடந்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள்; அங்கே சதை வெட்டிப் பரிசோதித்தால் புண் ஆறாது.

ஒரு முறை முயன்று முடியவில்லை என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. உள்ளே பலூன் ஊதி அடைப்பைத் தளர்த்திவிட்டுத் திட்டமிட்டே நிறுத்தியிருந்தால், சுமார் 2 மாதம் கழித்து இரண்டாம் முயற்சியில் வாய்ப்பு கூடும். முதல் முயற்சியின் படத்தையும், எந்த இடத்தில் ஏன் நின்றது என்ற குறிப்பையும் வாங்கி, இதையே அதிகம் செய்பவரிடம் காட்டுங்கள். நேரமும் சாயமும் எல்லை தாண்டும்போது நிறுத்தத் தெரிந்த டாக்டர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

பைபாஸ் எப்போது நல்லது?

அடைபட்ட குழாய் ஒன்று மட்டும், அதுவும் வலது குழாய் என்றால் அதற்காக மட்டும் நெஞ்சைத் திறப்பது அரிது. மூன்று குழாயிலும் அடைப்பு, இடது முதன்மைக் குழாயில் அடைப்பு, சர்க்கரை நோயோடு பல குழாய் அடைப்பு, பம்பிங் குறைவு: இவற்றில் பைபாஸை முதலில் பேச வேண்டும். 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் சர்க்கரை நோயும் பல குழாய் அடைப்பும் உள்ள 1900 பேரில், பைபாஸ் செய்தவர்களுக்குச் சாவும் மாரடைப்பும் ஸ்டென்டைவிடக் குறைவு. பக்கவாதம் கொஞ்சம் கூடுதல்.

மார்புக்குள் இருக்கும் தமனியை இதயத்தின் முன்குழாயில் இணைத்தால் 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் 10 ஆண்டில் பாதியளவு அடைத்துப் போகும். இன்னொன்று: பைபாஸ் செய்தால் முழுதாக மூடிய குழாய்க்கும் இணைப்பு கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கீழ்ப்பாதி மிகவும் மெலிந்திருந்தால் தைக்க இடம் இருக்காது. "மூடிய குழாய்க்கும் இணைப்பு வைப்பீர்களா?" என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்.

அடைப்பைக் கரைக்கும் மருந்து, ஈ.இ.சி.பி., கீலேஷன்?

முழுதாக மூடிய குழாயைக் கரைத்துத் திறக்கும் மருந்து, லேகியம், சாறு எதுவும் இல்லை. ஸ்டாட்டினே கொழுப்புத் திட்டைச் சற்றுச் சுருக்கி உறுதியாக்கும், அவ்வளவே. கால்களில் பட்டை கட்டி அழுத்தும் ஈ.இ.சி.பி. ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வு. மாத்திரைக்கும் அடங்காத, ஸ்டென்டும் பைபாஸும் முடியாதவர்களில் சிலருக்கு வலி குறையலாம். குழாய் திறக்காது. உலோகங்களைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை ரத்தத்தில் ஏற்றும் கீலேஷனை மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வு 2024-இல் பலன் இல்லை என்று முடிந்தது. அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள்.

நடக்கலாமா, தாம்பத்தியம்?

நடக்க வேண்டும். பக்கக் கிளை வலுப்பட அதுவும் ஒரு வழி. முதல் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக. பலருக்குத் தொடக்கத்தில் வரும் பாரம் உடம்பு சூடானதும் விட்டுவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். வலி தொடங்கும் நாடித்துடிப்புக்கு 10 குறைவாக நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டதும், குளிர்காற்றிலும் நடக்க வேண்டாம். இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிந்தால் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை.

ஸ்டென்ட் வைத்த பிறகு?

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் 75 மி.கி.யும் சேர்ந்து குறைந்தது 6 மாதம். நீண்ட ஸ்டென்ட் என்றால் பெரும்பாலும் 12 மாதம். பல் பிடுங்க வேண்டும் என்று இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும். அமில மாத்திரை வேண்டுமானால் ஓமெப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோல் கேளுங்கள். ஓமெப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். பர்ஸில் ஒரு அட்டை வைத்திருங்கள்: எந்தக் குழாய், எத்தனை ஸ்டென்ட், என்ன நீளம், வைத்த தேதி, எடுக்கும் மாத்திரைகள்.